எப்சிபா டீச்சரும் என் விண்ணப்பமும்

ஜனவரி 8, திங்கள்

எம்.பி.டி. என்கிற பிசியோதெரபி முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பம் பிப்ரவரி முதல் தேதி திறக்கிறது என்று, கூட வேலை பார்க்கும் சுடலைமணி போனில் காட்டினான். இந்த முறை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்வது என்று, வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். முதல் பக்கத்தில் நம்மைப் பற்றி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ஆவுடைச்செல்வி, வயது முப்பத்தொன்று, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக பிசியோதெரபிஸ்ட். எழுதிப் பார்த்தால் ஒன்றரை வரியில் முடிந்துவிடுகிறது.

மேல்படிப்பு எதற்கு? சீனியர் பதவிக்கு இனிமேல் முதுகலைப் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவ்வளவுதான் காரணம். நான்கு வருடம் முன்பும் ஒரு தடவை விண்ணப்பித்தேன். இடம் கிடைக்கவில்லை.

கல்லூரி கோயம்புத்தூரில். இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சங்கரிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை வரும்போது சொல்லலாம்.

குழாயில் இன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறாம் படுக்கையை என் பேரில் போட்டிருக்கிறார்கள். பெயர் எப்சிபா, வயது முப்பத்தாறு. டிசம்பர் பதினொன்றாம் தேதி பாதத்தில் மதமதப்பு என்று வந்தவர். ஐந்து நாளில் கால், இடுப்பு, கை, இமை தவிர முகம் எல்லாம் ஓய்ந்து, மூச்சும் மெஷினுக்குப் போய்விட்டது. உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளைத் தாக்கும் நோய். பெரும்பாலும் திரும்பி வரும். எப்போது, எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வழக்கம்போல பேசிக்கொண்டே வேலையைத் தொடங்கினேன். கையைத் தூக்கப் போறேன், வலிச்சா கண்ணை மூடித் திறங்க, இப்போ விரலை மடக்கப் போறேன் என்று பத்து நிமிடம் பேசியிருப்பேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். அந்த அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். காது கேளாதோர் பள்ளியில் கணக்கு டீச்சர். கையால்தான் பேச்சு.

அந்தக் கை என் கையில் இருந்தது. ஈரத் துணி மாதிரி தொங்கியது.

அதை மெதுவாகத் தலையணைமேல் வைத்தேன். நோய் வந்த எல்லாருக்கும் கை போகிறது, கால் போகிறது. இவருக்கு வாயும் போயிருக்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

எப்சிபாவின் கணவர் ஜெபராஜ். அவருக்கும் காது கேட்காது. அச்சகத்தில் பைண்டிங் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. நான் அவர் மனைவியின் காலைத் தொட்டதும் தடுத்து, நோட்டில் எழுதிக் காட்டினார்: “முதலில் முகம் காட்டு. பிறகு தொடு. அவள் பயம்.”

ஒன்பது வருடத்தில் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. நான் கால்மாட்டிலிருந்து சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிறவள். சத்தம் கேட்காதவருக்கு என் கை எங்கிருந்தோ முளைத்து வந்து காலைப் பிடித்திருக்கும்.

மாலை பார்வையாளர் நேரம் முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்ற குடும்பத்தார் கதவுக்கு வெளியே நின்று உள்ளே போகும் நர்ஸுகளிடம் சேதி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் கண்ணாடிச் சுவருக்கு வந்தார். அங்கிருந்தபடியே கையால் பேச ஆரம்பித்தார். அன்றைக்கு என்ன சாப்பிட்டார், அச்சகத்தில் என்ன நடந்தது, எல்லாம் என்று பிறகு எழுதிக் காட்டினார். கண்ணாடி அவருக்குத் தடையே இல்லை. அந்தப் பிரிவில் பன்னிரண்டு குடும்பம் காத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஆளோடு பேச முடிந்தவர் அவர் ஒருவர்தான்.

பதில் மட்டும் வரவில்லை. எப்சிபா இமையை ஒரு முறை மூடினால் ஆமாம், இரண்டு முறை மூடினால் இல்லை. அவ்வளவுதான் அவரிடம் மிச்சமிருந்த மொழி.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். சங்கரிடம் சொல்லிவிட்டேன். கரும்பைக் கடித்துக்கொண்டே, “போய்ட்டு வா. நான் மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழம வந்துட்டுப் போறேன்” என்றார். இவ்வளவு லேசாக முடியும் என்று நினைக்கவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

இன்று ஒன்று பார்த்தேன்.

காலையில் நான் போகும்போது ஜெபராஜ் மனைவியின் வலக்கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து, விரல் விரலாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கண்டபடி இழுத்தால் மூட்டு கெட்டுவிடும் என்று தடுக்கப் போனேன். அருகில் போனதும்தான் புரிந்தது. அவர் பயிற்சி கொடுக்கவில்லை. அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். முதலில் தன் கையால் ஒரு கேள்வி கேட்பார். பிறகு அவள் கையை எடுத்து, அவள் என்ன பதில் சொல்வாளோ அதை அவள் விரல்களிலேயே செய்து காட்டுவார். சரிதானா என்று முகத்தைப் பார்ப்பார். அவள் இமை ஒரு முறை மூடினால் அடுத்த பேச்சு. இரண்டு முறை மூடினால் வேறு பதில் செய்து பார்ப்பார். ஒரு இடத்தில் நான்கு பதில் செய்து பார்த்து நான்கும் தப்பாகி, தலையில் அடித்துக்கொண்டார். அவள் கண்ணில் நீர் கோத்தது. சிரிக்கிறாள் என்று அவர் எழுதிக் காட்டினார்.

நான் கட்டைவிரல் மூட்டைத் தொட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு, விரல் கணு எல்லாம் இளக்கமாக இருந்தன. ஆறு வாரம் அசைவில்லாமல் கிடந்த கை இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து என்று எண்ணிச் செய்வோம். அவர் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் வார்த்தை செய்கிறாரோ.

படித்தது எவ்வளவு கொஞ்சம் என்று முதல் முறையாகத் தோன்றியது. அதில் வருத்தம் இல்லை. மலை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 4, ஞாயிறு

விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் இனிஷியல் எஸ்., பட்டத்தில் எம். அதற்கொரு பிரமாணப் பத்திரம் வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பி வரும்போது ஒரு கட்டம்: ‘இதற்கு முன் விண்ணப்பித்திருந்தால் அதன் விவரமும் முடிவும்.’ அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

‘இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள்?’ ஐந்நூறு சொல்லுக்குள் எழுத வேண்டும். சமுதாயத்துக்குச் சேவை செய்ய என்று ஆரம்பித்தேன். படிக்கவே கூச்சமாக இருந்தது. இட்லி மாவு அரைக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

மூச்சு மெஷினை எடுத்து மூன்று நாள் ஆகிறது. தொண்டையில் குழாய் மட்டும் இருக்கிறது. வார்டுக்கு மாற்றினார்கள்.

சாயங்காலம் ஜெபராஜ் ஏதோ கேட்டார். எப்சிபா தோளைக் குலுக்கினாள்.

முதலில் இருமல் என்று நினைத்தேன். மறுபடி கேட்கச் சொன்னேன். மறுபடியும் இரண்டு தோளும் காதுப் பக்கம் எழுந்து இறங்கின. யாருக்குத் தெரியும் என்று நாம் எல்லாரும் செய்வோமே, அதே குலுக்கல். அறுபத்தேழு நாளுக்குப் பிறகு அந்த உடம்பு சொன்ன முதல் வார்த்தை ‘தெரியலியே.’

நான் சுடலைமணியைக் கூப்பிட ஓடினேன். அவன் என்னைவிட நான்கு வயது சின்னவன், ஆறடி உயரம், எங்கள் பிரிவில் எல்லாரையும் தூக்கி நிறுத்துகிறவன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “யக்கா, மேலேருந்து கீழ இறங்கி வருது” என்றான். ஆமாம், கீழிருந்து ஏறிய நோய் மேலிருந்து இறங்குகிறது. போன வழியிலேயே திரும்பி வருகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரி இன்று கண் முன்னால் நடந்தது.

மார்ச் 14, வியாழன்

எப்சிபாவின் முழங்கை மடங்குகிறது. மணிக்கட்டு இன்னும் தொங்கல். விரல் ஒன்றும் இல்லை. ஆனாலும் பேசுகிறாள். தோளையும் முழங்கையையும் வீசி வீசிப் பேசுகிறாள். விரல் இல்லாத பேச்சு எப்படிப் புரிகிறது என்று ஜெபராஜிடம் எழுதிக் கேட்டேன். “இப்போது அவள் மழலை. எனக்குப் புரியும்” என்று எழுதினார்.

எனக்கும் பத்துப் பதினைந்து சைகை வந்துவிட்டது. வலி, போதும், இன்னொரு தடவை, தண்ணீர். தப்பாகச் செய்தால் எப்சிபா கண்ணை உருட்டுகிறாள். கணக்கு டீச்சர்.

பிரமாணப் பத்திரம் வாங்கியாயிற்று. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

விரல் வந்துவிட்டது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும். இன்று ஒரு மாத்திரையைக் கிள்ளி எடுத்தாள்.

முதல் முறையாக நிறுத்திப் பார்த்தோம். அதாவது, சுடலைமணி நிறுத்தினான். எனக்கு இடுப்பில் பிடிப்பு. இரண்டு நிமிடம் கூட நிற்கவில்லை, தொடை நடுங்கியது, உட்கார வைத்துவிட்டான். மூன்று நாளைக்கு ஒரு தடவை செய்யலாம் என்று பேசிக்கொண்டோம்.

ஏப்ரல் 29, திங்கள்

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். துறைத்தலைவர் மாணிக்கவாசகம் சார் பரிந்துரைக் கடிதத்தை நேற்றே கல்லூரிக்கு அனுப்பிவிட்டாராம். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

‘ஏன் விரும்புகிறீர்கள்’ என்பதற்குக் கடைசியில் எழுதியது இதுதான்: ‘ஒரு நோயாளியின் உடம்பு திரும்பி வருவதை நான்கு மாதமாகப் பார்க்கிறேன். அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை.’ இதையே கொஞ்சம் நீட்டி நூற்றிருபது சொல். மிச்சம் வெறுமையாக இருக்கிறது. நரம்பியல் பிரிவைத் தேர்ந்தெடுத்தேன்.

முன் விண்ணப்பம் பற்றிய கட்டத்தை நிரப்பவில்லை. கட்டாயம் என்று நட்சத்திரம் போடவில்லை.

மே 6, திங்கள்

சுடலைமணிக்குத் தங்கை கல்யாணம். இருபது நாள் லீவில் போய்விட்டான். எப்சிபாவுக்குப் படுக்கையிலேயே செய்யும் பயிற்சிகளை அதிகப்படுத்தியிருக்கிறேன். தொடைத் தசை இன்னும் பலப்பட வேண்டும். அவசரமில்லை.

மே 10, வெள்ளி

இடுப்புப் பிடிப்பு விடவில்லை.

மே 13, திங்கள்

படுக்கையில் காலைத் தூக்கச் சொன்னேன். எப்சிபா தூக்கவில்லை. ஜெபராஜைப் பார்த்துக் கையால் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் எழுதத் தயங்கினார். அவள் நோட்டைத் தட்டினாள். அவர் எழுதினார்:

“ஏழு நாள் நிற்கவில்லை. என் கால் பயம் இல்லை. பயம் யாருக்கு?”

இடுப்பைக் காட்டினேன். எப்சிபா என் இடுப்பைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தாள். பேச்சுக் கேட்காதவர்கள் முகத்தைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பொய் நிற்காது.

வேலை முடிவதற்கு அரை மணி முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

மே 14, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

என் இடுப்பில் ஒன்றும் இல்லை.

ஐந்து வருடம் முன்பு ராமசுப்பு என்று ஒருவர். ஐம்பத்தெட்டு வயது, பக்கவாதம், வலது பக்கம். நன்றாகத் தேறி வந்தார். அன்றைக்கு எனக்கு நான்கு பேர் காத்திருந்தார்கள். துணைக்கு ஆள் கூப்பிடாமல் நானே அவரை நிறுத்தினேன். கையை விட்டு ஒரு அடி பின்னால் போனேன், தானாக நிற்கிறாரா பார்க்கலாம் என்று. அவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். முழங்கால் மடங்கியது. பிடிக்கப் போனேன். சட்டைதான் கையில் வந்தது.

தொடை எலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆயிற்று. ஆனால் அவர் பிறகு நடக்கவில்லை. இரண்டு வருடம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார். அறிக்கையில் நடந்ததை முழுதும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போன வருடம் மார்க்கெட்டில் அவர் மனைவி வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து நான் யாரையும் எழுப்பி நிறுத்தியதில்லை. இதை எப்படி ஐந்து வருடம் ஒருவருக்கும் தெரியாமல் செய்தேன் என்பதே ஒரு திறமைதான். மாணிக்கவாசகம் சாருக்குத் தெரிந்திருக்கலாம்.

நான்கு வருடம் முன்பு இடம் கிடைக்கவில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது நடந்தது வேறு மாதிரி. நேர்முகத் தேர்வில் ஒரு நோயாளியைக் காட்டி, எழுப்பி நிறுத்துங்கள் என்றார்கள். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டில் எல்லாரிடமும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். பிறகு எனக்கே அது நிஜமாகிவிட்டது.

இன்று எப்சிபாவிடம் போய், ஜெபராஜின் நோட்டை வாங்கி, ராமசுப்பு விஷயத்தை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து படித்தார்கள். ஜெபராஜ் முகம் மாறியது. எப்சிபா நிதானமாக, இரண்டு விரலால் பேனாவைக் கவ்விக்கொண்டு, அவளே எழுதினாள். ஐந்து மாதத்தில் அவள் எழுதிய முதல் எழுத்து. கோடு கோணலாக ஓடியது.

“வியாழன். இரண்டு பேர் பிடி.”

மே 16, வியாழன்

இதைச் சரியாக எழுத முடியுமா தெரியவில்லை.

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினோம். எப்சிபாவின் இடுப்பில் பட்டை கட்டினேன். பின்னால் நாற்காலி. இடப்பக்கம் ஜெபராஜ். எதிரில் நான், என் முழங்கால்களால் அவள் முழங்கால்களை அண்டை கொடுத்து. மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித் தூக்குவோம். இவளுக்குச் சொல்ல முடியாது. என் இரண்டு கையும் பட்டையில் இருக்கிறது, சைகையும் முடியாது. ஜெபராஜ்தான் வழி சொன்னார். அவர் மூன்று முறை தலையசைப்பார், மூன்றாவதில் எழ வேண்டும்.

ஒன்று. இரண்டு. பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மூன்று.

எழுந்தாள். அவள் கனம் முழுதும் என் கைக்கு வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என் கையை விட்டு அவள் காலுக்குப் போயிற்று. அது போவதை நான் உணர்ந்தேன். ஒரு உடம்பு தன் கனத்தைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதை. தொடை நடுங்கியது, நின்றது, நடுங்கியது, நின்றது. அவள் முகம் என் தோளுக்கு மேலே இருந்தது. இவ்வளவு உயரமானவள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இதுவரை படுத்தோ உட்கார்ந்தோ, நின்றால் ஆறடிச் சுடலைமணிக்குப் பக்கத்திலோதான் பார்த்திருக்கிறேன்.

அவள் கைகள் என் முதுகில் கிடந்தன. விரல்கள் என்னவோ அசைந்துகொண்டே இருந்தன. நடுக்கம் என்று நினைத்தேன். ஜெபராஜ் அதைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

நான்கு நிமிடம். பிறகு மெதுவாக உட்கார வைத்தோம்.

அப்புறம்தான் ஜெபராஜ் எழுதிக் காட்டினார். அது நடுக்கம் இல்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் அவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். “அவள் சொன்னது: ஜன்னலில் நம் பள்ளி தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. பெயின்ட் மாற்றிவிட்டார்கள். ஏன் நீலம்?”

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தத் தடவை பஸ் ஏறவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போனேன்.

மே 19, ஞாயிறு

சங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கொடியில் துணியைக் காயப் போட்டார். கடைசிக் கிளிப்பையும் மாட்டினார். “எங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாமே, ஆவுட” என்றார். சொல்லியிருக்கலாம்.

ஜூன் 9, ஞாயிறு

மதுரையில் நுழைவுத் தேர்வு. கூட எழுதிய பிள்ளைகள் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. ஒரு பெண் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து ஹால் டிக்கெட்டை நீட்டினாள். நூறு கேள்வியில் எழுபதுக்கு மேல் சரியாக இருக்கலாம். நரம்புக் கேள்விகளில் தடுமாறவே இல்லை. ஒவ்வொன்றையும் படிக்கும்போது எப்சிபாவின் தோள், முழங்கை, கட்டைவிரல் என்று வரிசையாக வந்து நின்றன.

ஜூன் 21, வெள்ளி

எப்சிபா வீட்டுக்குப் போய்விட்டாள். வாக்கர் பிடித்துப் பதினெட்டு அடி நடக்கிறாள். பாதம் மட்டும் இன்னும் தொங்குகிறது, அதற்குப் பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறோம். ஆறாம் படுக்கையில் இருந்தபோது அவளைப் பார்த்துக்கொண்ட ஐ.சி.யு. நர்ஸுகள் கீழே வந்து வழியனுப்பினார்கள்.

ஜூலை 12, வெள்ளி

கோயம்புத்தூர். நேர்முகத் தேர்வு முடிந்து ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாதான் பேசினார், நரைத்த முடி, கதர்ப் புடவை. என் விண்ணப்பத்தைப் புரட்டி, ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே என்று கேட்டார். நான்கு வருடம் முன்பு இங்கேயே வந்தேன், பாதியில் எழுந்து போய்விட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். செய்முறை முடிந்ததும் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் தலையசைத்தார்.

பக்கத்து அறையில் மாரப்பன் என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மில் வேலை பார்த்தவர், இடது பக்கம் பக்கவாதம். எழுப்பி நிறுத்துங்கள் என்றார்கள். ஐந்து நிமிடம் நேரம்.

நான் முதலில் அவருக்கு முன்னால் போய், என் முகம் தெரிகிற மாதிரி நின்றேன். பெயர் சொன்னேன். தொடையை அழுத்திப் பார்த்தேன், பாதத்தைச் சரி செய்தேன், நாற்காலியை நெருக்கிப் போட்டேன். அதற்கே மூன்று நிமிடம் போய்விட்டது. பிறகு திரும்பி, “மேடம், நீங்க அவரோட அந்தப் பக்கம் வந்து நிக்கணும்” என்றேன்.

அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்வுக்கு வந்தவள் தேர்வாளரை வேலை வாங்குவது வழக்கமில்லை போல. அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

மாரப்பன் என்னைப் பார்த்து, “ஏனுங்க அம்மிணி, கீழ போட்ற மாட்டீங்கல்ல?” என்று கேட்டார்.

“ஒரு தடவ ஒருத்தர விட்டுட்டேங்கய்யா. அதனாலதான் இந்த மேடத்தையும் கூப்பிட்டேன்.”

அவர் நல்ல கையை என் தோளில் போட்டுக்கொண்டு, “அப்பச் சரி” என்றார்.

நின்றார். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் நின்றார். அந்த அம்மாவும் நானும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றோம். உட்கார வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எத்தனையோ வருடமாக இதைப் பார்க்கிற அந்த அம்மா, முதல் தடவை பார்ப்பவர் மாதிரி மாரப்பனின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ராமசுப்பு பெயரைச் சொல்லி முழுதும் சொன்னேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. போகலாம் என்றார்கள்.

ஜூலை 25, வியாழன்

பட்டியல் வந்தது. காத்திருப்போர் வரிசையில் இரண்டாவது. சுடலைமணி எனக்காகக் கோபப்பட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. சமைக்கத்தான் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பதினொன்றே கால் மணிக்குப் போன். நரம்பியல் பிரிவில் இடம். பதினெட்டாம் தேதிக்குள் சேர வேண்டும். நான் அப்போது ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து தடவை முடித்துவிட்டுத்தான் திரும்பக் கூப்பிட்டேன்.

மாணிக்கவாசகம் சார் கையை நீட்டினார். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எப்சிபா இந்தத் திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள் என்று ஜெபராஜ் செய்தி அனுப்பியிருந்தார். விடைபெற்றுக்கொண்டு வரலாம் என்று போனேன்.

அந்தப் பள்ளி வாசலை ஒன்பது வருடமாகக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. நடைபாதையில் சத்தமே இல்லை. வகுப்பில் யாரும் இல்லையோ என்று எட்டிப் பார்த்தால், இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகள் பறந்தன. முன்வரிசைக்காரி பின்வரிசைக்காரியோடு, ஜன்னலோரம் இருப்பவன் கதவோரம் இருப்பவனோடு, இடையில் யாரும் யாரையும் இடைஞ்சல் செய்யாமல். சந்தை மாதிரி ஒரு வகுப்பு, ஒரு சத்தமும் இல்லாமல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எப்சிபா பலகைக்குப் பக்கத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையைத் தூக்கினாள். இருபத்தாறு பேர் பேச்சும் நின்றது. என்னை யார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. ‘கால்’ வந்தது, ‘பயம்’ வந்தது, ‘இரண்டு பேர்’ வந்தது. பிள்ளைகள் என் கைகளைப் பார்த்தார்கள்.

ஒரு பெண் எழுந்து வந்து பலகையில் எழுதினாள்: “மிஸ் கால் ஏன் மெதுவாக வருகிறது?”

நான் சாக்பீஸை வாங்கி ஒரு கால் வரைந்தேன். உள்ளே ஒரு நரம்பு. அது சிதைந்தால் மறுபடி வளரும், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய, என்று எழுதினேன். எப்சிபா அதைக் கையால் சொன்னாள். உடனே பெட்டிகள் திறந்தன. எல்லாரும் ஸ்கேலை எடுத்தார்கள். இருபத்தாறு தலையும் குனிந்து, இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் அந்த இடத்தை உற்றுப் பார்த்தன. ஒருவன் அதை நகத்தால் தொட்டுப் பார்த்தான். நகம் அந்த இடத்தை மறைத்துவிட்டது. அவன் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தான். நானும் அவனை அப்படித்தான் பார்த்திருப்பேன். இவ்வளவு காலம் சொல்லியும் எழுதியும் வந்த அளவை, ஒரு ஸ்கேலில் வைத்து நானும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

கேள்வி கேட்ட பெண் ஸ்கேலோடு வந்து எப்சிபாவின் காலடியில் உட்கார்ந்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அளந்தாள். முந்நூற்றெழுபது மில்லிமீட்டர், அப்படியானால் அத்தனை நாள். எப்சிபா சிரித்துக்கொண்டே டிசம்பர் பதினொன்றைப் பலகையில் எழுதிக் காட்டினாள். வகுப்பு முழுதும் கழிக்க ஆரம்பித்தது. இருநூற்று நாற்பத்திரண்டு நாள் போய்விட்டது, பாக்கி நூற்றிருபத்தெட்டு. இரண்டு பேருக்குத் தப்பாக வந்து, ஜூலைக்கு முப்பத்தொரு நாள் என்று மற்றவர்கள் திருத்தினார்கள்.

நரம்பு கணக்குக்குக் கட்டுப்படாது, முன்னே பின்னே ஆகும், சில நேரம் வராமலும் போகும் என்று நான் எழுதினேன். எப்சிபா அதையும் ஒரு சொல் விடாமல் அவர்களுக்குச் சொன்னாள். பிள்ளைகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

கேட்டுவிட்டு, அந்தப் பெண் பலகையின் வலது மூலையில் அந்த நூற்றிருபத்தெட்டாம் நாளை ‘டிசம்பர் 15’ என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள். எப்சிபா துடைப்பானை எடுத்தாள். நான் வரைந்த காலையும் நரம்பையும் கழித்தல் கணக்கையும் அழித்தாள். கட்டத்துக்கு வந்ததும் கையை நிறுத்தி, அதைச் சுற்றி வளைத்துத் துடைத்தாள். பிறகு ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால், கோணலாக, ஆனால் பெரிய எழுத்தில், அன்றைய பாடத்தை எழுதத் தொடங்கினாள்.